முள் தாண்டும் இடம்

பிப்ரவரி 4

வாயாடிக்கு,

நான் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இன்றோடு முப்பத்தைந்து நாள். காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லை என்று ஞாபகம் வந்து, கழற்றி மாட்டுகிறேன். இதைச் சின்னவளிடம் சொல்லாதே, உன் மகள் ஒரு வாரம் சிரிப்பாள்.

முக்கியமான சேதி. ரெக்கார்டு போடுகிற டர்ன்டேபிள் வந்துவிட்டது. பழசுதான், ஆனால் கனமான பழசு. சுழலும் மேடை மட்டும் மூன்றரைக் கிலோ. ஆம்ப்ளிஃபயரை எங்கள் கம்பெனி எலெக்ட்ரீஷியன் செய்து தருகிறார். அவரும் என்னோடு ஓய்வு பெற்றவர், அவருக்கும் காலையில் சட்டை போடுகிற வியாதி இருக்கும் போலிருக்கிறது. சொன்ன மறுநாளே சால்டரிங் இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்பீக்கர் அடுத்த வாரம்.

நாற்பது வருடம் ஊரார் கேட்க வேண்டிய பாட்டையெல்லாம் நான்தான் முதலில் கேட்டேன். கேட்டது பாட்டை அல்ல, உனக்கே தெரியும். நூறு இசைத்தட்டுக்கு ஒன்று உருவி, ஹெட்போனை மாட்டி, எங்கே டிக் அடிக்கிறது, எங்கே கரகரக்கிறது, எங்கே உறுமுகிறது என்று நோட்டில் குறித்தேன். ரெக்கார்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது, என் நாற்காலி மட்டும் மாறவில்லை. ஒரு பாட்டையாவது, இது நன்றாக இருக்கிறதே என்று சாய்ந்து உட்கார்ந்து கேட்டதில்லை. இனிமேல் கேட்கப் போகிறேன். இருக்கிற நாளில் அது ஒன்றுதான் ஆசை.

ஒரு சின்னத் தொந்தரவு. டர்ன்டேபிள் அசையாத இடத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜை ஆடுகிறது. அலமாரி, தெருவில் லாரி போனால் நடுங்குகிறது. வீடு முழுவதும் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் குமிழ் அப்படியே நடுவில் நின்ற ஒரே இடம் உன் தையல் மெஷினின் இரும்பு ஸ்டாண்டு. மெஷினைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எப்போது வருகிறாய்? எட்டு மாதம் ஆகிறது. குழந்தை உட்கார ஆரம்பித்துவிட்டதாமே. உட்காரத் தெரிந்தவளுக்கு இனி நீ எதற்கு?

இப்படிக்கு,
நான்

*

பிப்ரவரி 13

செக்கிங் ஆபீசர் அவர்களுக்கு,

தையல் மெஷினைக் கழற்றியாயிற்று, பிறகு சேதி மட்டும் எனக்கு. கேட்டுவிட்டுக் கழற்றலாம் என்று தோன்றவில்லை, இல்லையா? சரி, அதிலே என் சின்னக் கத்திரிக்கோல் இழுப்பறையில் இருந்தது. அதையாவது தொலைக்காமல் இருங்கள்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் எழுதுகிறாய் என்று சின்னவள் கேட்கிறாள். போனில் மூன்றாவது நிமிடம் உங்கள் குரல் நோட்டில் குறிக்கிற குரலாக மாறிவிடுகிறது. எதிரே இருக்கிறவள் எங்கே டிக் அடிக்கிறாள் என்று பார்க்கிற குரல். கடிதத்தில் கொஞ்சம் அடங்கி இருக்கிறீர்கள். எனக்கும் குறுக்கே பேச ஆள் இல்லாமல் எழுத நன்றாக இருக்கிறது.

இங்கே ஓய்வு ஒழிச்சல் இல்லை. குழந்தைக்குப் பல் வருகிறது, கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள். மருமகன் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார். மூன்று மாடி ஏறி இறங்கி என் முழங்கால் என்னைத் திட்டுகிறது. மத்தியானம் இரண்டு பிள்ளைகளையும் தூங்க வைப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

ஒரு வேடிக்கை. பேரனுடைய பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தத் தூங்கும் பாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுத் தட்டில் இருக்கிறதே, அதுதான். இவன் ‘காற்றும் தூங்குது’ என்று பாடிவிட்டு நேரே ‘கதவும் தூங்குது’ என்று தாவியிருக்கிறான். நடுவில் ஒரு வரி இருக்கிறது என்று டீச்சர் சொன்னாராம். "எங்கம்மா பாட்டுல அது கிடையாது" என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான். அவன் அம்மா அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்தவள். நம் தட்டில் முள் தாண்டுகிற இடத்தில் அவளும் தாண்டுவாள், இப்போது இவனும் தாண்டுகிறான்.

வருவது பற்றி. ஜூன் மாதம் அவன் நம் வீட்டு வாசற்படியில் விழுந்து மோவாயில் மூன்று தையல் போட்டது ஞாபகம் இருக்கும். அப்போது மகளும் மருமகனும் நிற்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் நிற்கிறார், நீங்கள் சொன்னதும் ஞாபகம் இருக்கிறதா? "இவளுக்கு எப்பவுமே கவனம் கிடையாது." நான் இருக்கிற இடத்தில் இருக்கிறேன். இங்கே யாரும் என்னைக் கவனம் கவனம் என்று சொல்வதில்லை.

தட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். நாற்காலி எத்தனை போட்டிருக்கிறீர்கள்?

*

பிப்ரவரி 20

வாயாடிக்கு,

கத்திரிக்கோல் கிடைத்தது. உன் துணி அலமாரியில் இடது பக்கம் வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் சொன்னதை இன்னும் நீ பிடித்துக்கொண்டிருக்கிறாய். பிள்ளை ரத்தத்தோடு நின்றான், பதற்றத்தில் ஒரு வார்த்தை வந்தது. அதற்காக என் விடைபெறும் கூட்டத்துக்குக்கூட வராமல் இருந்தாய். முதல் வரிசையில் உனக்கென்று போட்ட நாற்காலியில் கேஷியர் தன் பையை வைத்துக்கொண்டார்.

நாற்காலி ஒன்றுதான். கஞ்சத்தனம் இல்லை, கணக்கு அப்படி. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஏழடி. ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் உட்காருகிறவர் காதுக்கு ஏழடி. மூன்று பக்கமும் சமமாக இருந்தால், பாடுகிறவர் நேர் எதிரே நின்று பாடுவது போலக் கேட்கும். அரை அடி நகர்ந்தாலும் பாடுகிறவர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவார். தரையில் சாக்பீஸால் நான்கு கால்களுக்கும் குறி போட்டிருக்கிறேன். அதில் இரண்டு பேர் உட்கார முடியாது.

முதலில் வேலை செய்யவில்லை. ஆம்பை ஆன் செய்தால் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஓர் இரைச்சல். நானும் எலெக்ட்ரீஷியனும் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் எர்த் வயர் ஒன்று கழன்று கிடந்தது. அதை முறுக்கினதும் வீடே அமைதியாகிவிட்டது. அப்புறம் எதிரொலி. வெறும் சுவர் என்பதால் குரல் போய் முட்டித் திரும்புகிறது. உன் கம்பளிப் போர்வைகள் மூன்றையும் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். முள்ளின் பாரம் ஒன்றே முக்கால் கிராம், தராசு வைத்து நிறுத்தது. கம்பெனியின் கேட்கும் அறையில்கூட இவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

ஆனால் அதிலேயே ஒரு சங்கடம். செட் நல்லதாக ஆக, தட்டிலுள்ள குறையும் நன்றாகக் கேட்கிறது. நம்மிடம் இருந்தவற்றைக் கழுவித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பதினொன்று தேறவில்லை. பழைய ரெக்கார்டு கடைக்காரரிடம் அந்தப் பதினொன்றையும் கொடுத்து, சுத்தமான நாலு வாங்கிக்கொண்டேன். அதில் ஒன்று அந்தத் தூங்கும் பாட்டுத் தட்டு, கீறல் இல்லாத பிரதி. உறை பிரித்த மாதிரியே தெரியவில்லை. நீ கை தவறிக் கீழே போட்டதால் இத்தனை வருடம் அந்த வரி போய்விட்டதே என்று எனக்கு ஒரு குறை இருந்தது. அதுவும் தீர்ந்தது. பேரன் வந்தால் முழுப் பாட்டையும் கேட்கட்டும், டீச்சரோடு சண்டை வேண்டாம்.

இன்னும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. நீ வந்ததும் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நான்

*

பிப்ரவரி 26

அந்தப் பழைய தட்டைத் திரும்ப வாங்குங்கள். வாங்கும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

*

மார்ச் 4

நீ எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே கடைக்குப் போனேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கீறல் விழுந்த தட்டுகளை மொத்தமாக ஒருவர் எடுத்துக்கொண்டு போவாராம், அவற்றில் சுவர்க்கடிகாரம் செய்து விற்பாராம். அவர் விலாசம் கடைக்காரருக்குத் தெரியாது. வரும் வெள்ளிக்கிழமை வந்தாலும் வருவார், வராமலும் போவார். நான் வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்தக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

கீறின தட்டு ஒன்றுக்காக இவ்வளவு கோபமா என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிடிவாதம் என்று எலெக்ட்ரீஷியனிடம்கூடச் சொன்னேன். சரி, அப்படி என்னதான் அந்தத் தட்டில் இருக்கிறது என்று நேற்று மத்தியானம் புதுப் பிரதியைப் போட்டேன்.

சாக்பீஸ் குறிக்குள் உட்கார்ந்திருந்தேன். முதல் வரி போனது. காற்றும் தூங்குது. முள் தாண்டுகிற இடம் எனக்கு மனப்பாடம், என் உடம்பே தாண்டுவதற்குத் தயாராகிவிட்டது. முள் தாண்டவில்லை. அந்தப் பெண் நேர் எதிரே நின்று அந்த வரியைப் பாடினாள். முப்பத்தொரு வருடமாக நான் கேட்காத வரி. அதற்கு முன்னால் தினமும் கேட்ட வரி, ஆனால் தட்டிலிருந்து அல்ல, உன் வாயிலிருந்து. ஆஸ்பத்திரியில், அவன் கட்டிலில்.

எழுந்து ஆம்பை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இன்னும் போடவில்லை.

இந்த வீட்டில் பெரியவன் என்ற சொல்லே கிடையாது என்று வைத்துக்கொண்டோம். ஒற்றைப் பிள்ளையைச் சின்னவள் என்று கூப்பிடுகிறீர்களே, பெரியது எங்கே என்று யாராவது கேட்டால் நீ பேச்சை மாற்றுவாய், நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். இப்போது நானே எழுதிவிட்டேன்.

அடுத்த வெள்ளியும் கடைக்குப் போகிறேன்.

*

மார்ச் 17

தட்டு கிடைத்துவிட்டது.

கடிகாரக்காரர் நல்ல மனிதர். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கத் தட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டிக்கொண்டிருந்தது. நம்முடையது மேஜைமேல் இருந்தது. கடிகார முள் பொருத்துவதற்காக நடு ஓட்டையைத் துரப்பணம் போட்டுப் பெரிதாக்கியிருந்தார், முள் இன்னும் மாட்டவில்லை. "ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா மூணேகால் காட்டியிருக்கும் சார்" என்றார். பத்து தட்டு போய்விட்டது. இது ஒன்று போதும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஓட்டை பெரிதானதால் மேடையில் வைத்தால் தட்டு கோணலாகச் சுற்றியது, குரல் மேலும் கீழும் ஆடியது. நடுத் தண்டில் காகிதம் சுற்றிச் சுற்றி, கண்ணால் பார்த்து மையத்துக்குக் கொண்டுவந்தேன். அரை நாள் ஆயிற்று. போட்டேன். காற்றும் தூங்குது, டக், கதவும் தூங்குது. அதே இடம்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். கம்பெனியில் பயன்படுத்திய பூதக்கண்ணாடியை நினைவுப் பொருளாகக் கொடுத்தார்களே, அதை எடுத்து அந்தக் கீறலைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

என் வேலையே அதுதான். ஒரு கீறலைப் பார்த்தால் பேக்கிங் பெண்ணின் மோதிரம் பட்டதா, அச்சில் தூசி இருந்ததா, முள் தவறி விழுந்ததா என்று சொல்லிவிடுவேன். சூப்பர்வைசர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். முள் விழுந்தால் மெல்லிய வளைகோடு வரும். தட்டு கீழே விழுந்தால் விளிம்பில்தான் முதலில் அடிபடும். இது விளிம்பில் ஆரம்பிக்கவில்லை. தட்டின் நடுப்பகுதியில் ஆரம்பித்து, சுழலும் திசையிலேயே சாய்வாக, நாலு வரிப்பள்ளம் மட்டும் குறுக்கே வெட்டி, அங்கேயே நிற்கிறது. நாலு சுற்று, ஏழு நொடி. சரியாக ஒரு வரி. வெட்டினவர் ஒரு முறை வெட்டி, போட்டுப் பார்த்து, போதவில்லை என்று அதே தடத்தில் இன்னொரு முறை அழுத்தி வெட்டியிருக்கிறார். இரண்டு தடமும் கண்ணாடியில் தனித்தனியாகத் தெரிகிறது.

இது கை தவறி விழுந்தது இல்லை.

நீ தட்டைக் கொண்டுவந்து, கீழே விழுந்துவிட்டது என்று சொன்ன நாளில் நான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன். திட்டினேன். அதன்பிறகு பால் பொங்கினால், சாவி காணாமல் போனால், எல்லாவற்றுக்கும் அந்தத் தட்டை உதாரணம் காட்டினேன். கம்பெனியில் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் ஒரு தட்டையும் தள்ளுபடி செய்ததில்லை. வீட்டில் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

நீதானே? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

*

மார்ச் 23

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். குறுக்கே ஒன்றும் எழுதாமல் படியுங்கள்.

நான்தான். தையல் மெஷின் ஊசியால். அவன் போய் இரண்டு மாதம் இருக்கும். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். எனக்கு அந்தப் பாட்டு வேண்டும், அவனுக்குப் பிடித்த பாட்டு, அதைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. அந்த ஒரு வரி மட்டும் வேண்டாம். ஆகவே ஊசியை எடுத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கீறினேன். முதல் தடவை முள் தாண்டவில்லை. அழுதுகொண்டே இன்னொரு தடவை கீறினேன். எனக்கு எத்தனை பள்ளம் என்றெல்லாம் தெரியாது. சரியாக விழுந்தது.

நீங்கள் அந்த வரியை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். எழுதினால் ஒன்றும் ஆகாது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

கண் விழித்துத் தேடும்முன்னே
கட்டிலருகில் நான் இருப்பேன்.

பதினொரு நாள் காய்ச்சலில் கிடந்தான். நாலு வயசுக்குப் பத்து வயசுப் பேச்சு. மத்தியானம் தூங்கவே மாட்டான், தூங்கினால் நீ போயிடுவே என்பான். இந்த வரியைப் பாடினால்தான் கண்ணை மூடுவான். அன்றைக்கு நீங்கள் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். மத்தியானம் சொன்னீர்கள், "பதினோரு நாளா இதே துணியோட இருக்கே. போய்க் குளிச்சிட்டு வா. நான் இருக்கேன்ல." நான் பாடினேன். அவன் தூங்கினான். நான் போனேன். ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

"தூக்கத்திலேயே போயிட்டான்" என்றீர்கள். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கேட்கவில்லை. இப்போது நீங்களே அவன் பெயரைத் தொட்டுவிட்டீர்கள், நானும் கேட்டுவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டுக்குள் வந்து உங்கள் பாட்டைக் கேட்க என்னால் முடியாது.

அவன் கண் விழித்தானா? விழித்து என்னைத் தேடினானா?

*

ஏப்ரல் 6

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். செட்டைப் போடவே இல்லை, அதன்மேல் துணி போட்டு மூடிவிட்டேன். எலெக்ட்ரீஷியன் வந்து, ஆம்ப் சரியில்லையா என்று கேட்டார். ஆம்ப் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குத் தெரியாது.

விழித்தானா, தேடினானா, கூப்பிட்டானா, எனக்குத் தெரியாது. நீ போனதும் கட்டில் பக்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், சூடாக இருந்தது. முந்தின ராத்திரி முழுக்க வேலை. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது நர்ஸ் என் தோளைப் பிடித்து உலுக்கியது. என் கை என் மடியில் இருந்தது. அவன் கையை எப்போது விட்டேன் என்றுகூடத் தெரியாது.

தூக்கத்திலேயே போயிட்டான் என்று உன்னிடம் சொன்னேன். தூங்கியது நான்.

நான் இருக்கேன்ல என்று சொல்லி உன்னை அனுப்பியவன் நான். இந்த ஒன்றை மறைத்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் செய்த குறையை நோட்டில் எழுதினேன். வீட்டுக்கு வந்து உன் குறையை எழுதினேன். பேரன் படியில் விழுந்த அன்றைக்கு என் வாயில் அந்த வார்த்தை வந்ததும் எனக்கே உள்ளே சுருக்கென்றது. ஆனாலும் சொல்லிவிட்டேன். உன்னைச் சொன்னால் என்னைச் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஓய்வு பெற்றால் களைப்பு தீரும் என்று நினைத்தேன். நீ வராவிட்டால் அதை நான் புரிந்துகொள்கிறேன். டர்ன்டேபிளைத் தரையில் இறக்கி வைத்து, மெஷினை ஸ்டாண்டில் திரும்ப மாட்டிவிட்டேன், எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. வேண்டுமென்றால் லாரியில் போட்டு அனுப்பிவைக்கிறேன்.

*

ஏப்ரல் 13

மெஷினை அனுப்ப வேண்டாம்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். சின்னவள் வந்து என்னம்மா என்றாள். அப்பாவுக்குக் களைப்பாம் என்றேன். அவளிடம் மற்றதை ஒரு நாள் நீங்கள் சொல்லுங்கள். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று தெரியும், அதற்கு மேல் தெரியாது.

நீங்கள் தூங்கியது எனக்கு அன்றே தெரியும்.

பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா குழாயடியில் வைத்துச் சொன்னாள். "பாவம் உங்க வீட்டுக்காரர், அசந்து தூங்கிட்டாரு, நர்ஸம்மாதான் எழுப்பினாங்க." அவளும் அந்த நேரம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாளாம், அவளும் ஒன்றும் பார்க்கவில்லை. ஆகவே நான் கேட்டதற்குப் பதில் உங்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை. அதுவும் எனக்கு அன்றே தெரியும்.

தெரிந்துகொண்டு ஏன் கேட்டாய் என்பீர்கள். நீங்கள் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன். இல்லை என்று ஒரு பொய் எழுதியிருந்தால், நன்றி என்று பதில் போட்டுவிட்டு இங்கேயே இருந்திருப்பேன்.

ராத்திரி முழுக்க வேலை பார்த்த மனிதன் தூங்கினான். அதில் எனக்குக் கோபம் இல்லை, அந்த வாரமே தீர்ந்துவிட்டது. கோபம் வேறு இடத்தில். கவனம் கிடையாது, கவனம் கிடையாது என்று நீங்கள் ஒவ்வொரு முறை சொன்னபோதும் எனக்குப் பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பால் பொங்கினபோது வந்தது. சாவி தொலைந்தபோது வந்தது. ஜூன் மாதம் வாசற்படியில் அத்தனை பேர் நடுவில் வந்தது. முப்பத்தொரு வருடம் விழுங்கினேன். சொல்லியிருந்தால் நீங்கள் உடைந்துபோயிருப்பீர்கள். விழுங்கி விழுங்கி எனக்கும் களைத்துவிட்டது. மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டில் வந்து உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம், குழந்தைக்குப் பல் வந்தது காரணம் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். வருகிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி பஸ். பை கனம், பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.

மெஷினை மாட்டிவிட்டீர்கள் என்றால் டர்ன்டேபிளுக்கு இடம் இருக்காது. மெஷினை மறுபடியும் இறக்குங்கள். ஒரு மாதம் டர்ன்டேபிள் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், அப்புறம் தச்சரைக் கூப்பிட்டு உங்களுக்கென்று ஒரு நல்ல பலகை போட்டுக்கொள்ளலாம். என் போர்வைகளில் ஆணி அடித்ததைப் பற்றி நேரில் பேசுகிறேன்.

புதுத் தட்டைப் போடுங்கள். கீறல் இல்லாததை. பேரன் அந்த வரியைப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து, நேற்று தங்கச்சிக்குப் பாடினான். நான் அறையை விட்டுப் போகாமல் நின்று கேட்டேன். ஒருமுறை தட்டிலிருந்தும் முழுசாகக் கேட்க வேண்டும்.

சாக்பீஸ் குறிக்குள் நான் உட்காருவேன். நீங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். பாடுகிறவள் உங்களுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் கேட்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிகிற வரைக்கும் தூங்காமல் இருங்கள்.